லிங்க் மட்டும் அனுப்பினால் போதுமா? பிடித்த பாட்டை நண்பர்களுக்குச் சொல்வது ஏன் முக்கியம்?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழுகிறது. கூடவே ஒரு நெருப்பு எமோஜி. வேறு ஒரு வார்த்தை இல்லை. பத்து நிமிடத்தில் நாலு பேர் ஹார்ட் போட்டுவிடுகிறார்கள். அந்த நாலு பேரில் எத்தனை பேர் பாட்டைக் கேட்டார்கள்? அனுப்பியவருக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கும் பாட்டை எழுதியது யார் என்று தெரியாது. அடுத்த நாள் அந்த லிங்க் முந்நூறு மெசேஜ்களுக்கு அடியில் போய்விடும்.

இன்று பாட்டு ஷேர் பண்ணுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பாட்டு கிடைப்பது இவ்வளவு சுலபமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரிடம் "இதை நீ கண்டிப்பா கேட்கணும், ஏன்னா..." என்று சொல்வது குறைந்துகொண்டே வருகிறது. அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு வரும் ஒரு வரிதான் முக்கியம் என்பது என் கருத்து. நாம் என்ன கேட்கிறோம், யாருடைய பெயர் நினைவில் நிற்கிறது, எந்தக் கலைஞர் கவனிக்கப்படுகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் ஓரளவு அடங்கியிருக்கிறது.

முன்பு எப்படி ஷேர் செய்தார்கள்?

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமா பாட்டு பிடிக்காது. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் கிட்டத்தட்ட காணாமல் போயின. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலி பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இலங்கை வானொலிக்குக் கிடைத்த அந்த வரவேற்பும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இலங்கை வானொலிக்கு இருந்த செல்வாக்கை இன்றைய தலைமுறைக்கு விளக்குவது கஷ்டம். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களே நட்சத்திரங்களாக இருந்தார்கள். நேயர்கள் தபால் அட்டையில் விருப்பப் பாடலை எழுதி அனுப்புவார்கள். பாட்டு ஒலிக்கும் முன், எந்தப் படம், யார் பாடியது, யார் இசை என்று அறிவிப்பாளர் சொல்வார். பிறகு அதை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்கள் ஊரோடு வரும். ஒருவருடைய விருப்பம் அவர் பெயரோடு கடல் தாண்டி ஊருக்கெல்லாம் கேட்கும். சோஷியல் மீடியாவுக்கு முன்பே இருந்த 'ஷேர்' அது.

அடுத்து கேசட் காலம். 80-களிலும் 90-களிலும் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். மொத்தமே 12, 13 பாட்டுதான் பிடிக்கும். அதனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். நண்பரின் அக்கா கல்யாணத்துக்கோ, வெளியூர் வேலைக்குப் போகும் தம்பிக்கோ அப்படி ஒரு கேசட் கொடுத்தால், அதற்குப் பின்னால் ஒருவர் செலவழித்த நேரம் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் அட்டையில் பாட்டுப் பெயரும் படத்தின் பெயரும் கையால் எழுதியிருக்கும்.

அந்தக் காலத்தை ரொம்பவும் புகழ வேண்டியதில்லை. அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை உரிமம் இல்லாதவை. இசையமைப்பாளருக்கோ பாடலாசிரியருக்கோ அதிலிருந்து பணம் போகவில்லை. அந்த வகையில் இன்றைய ஸ்ட்ரீமிங் லிங்க் எவ்வளவோ மேல். ஆனால் ரேடியோவிலும் கேசட்டிலும் இருந்த இரண்டு விஷயங்கள் இன்றைய லிங்கில் இல்லை. ஒன்று, தேர்ந்தெடுத்த ஆளின் குரல். இன்னொன்று, பாட்டை உருவாக்கியவர்களின் பெயர்.

அதான் ஆப்பே பாட்டு சொல்லுதே?

நியாயமான கேள்வி. ஸ்பாட்டிஃபை 2015-ல் 'டிஸ்கவர் வீக்லி' என்ற பட்டியலைக் கொண்டுவந்தது. வாராவாரம் திங்கட்கிழமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 30 பாட்டு. 2019 பிப்ரவரியில் அந்த நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது. இப்போது எல்லா மியூசிக் ஆப்களும் ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்கின்றன. யூடியூபில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது.

இது எப்படி வேலை செய்கிறது? எளிமையாகச் சொன்னால், உங்களைப் போலவே கேட்பவர்கள் வேறு என்ன கேட்டார்கள் என்று ஆப் பார்க்கிறது. எந்தெந்தப் பாட்டுகளை மக்கள் ஒரே பிளேலிஸ்டில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு முக்கியக் குறிப்பு. அதாவது எங்கோ ஒருவர் உட்கார்ந்து ரசித்துப் போட்ட பிளேலிஸ்டுதான் இந்த அல்காரிதத்துக்குத் தீனி. மனிதர்கள் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டால் அதற்கும் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

அல்காரிதம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதனால் நல்ல பாட்டுகள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதன் வேலை நம்மை ஆப்புக்குள்ளேயே உட்கார வைப்பது. நாம் ஸ்கிப் பண்ணாத பாட்டு அதற்கு வெற்றி. அதனால் ஏற்கெனவே பிடித்ததைப் போலவே இன்னொன்றைத்தான் அது முதலில் நீட்டும். ஒரு நண்பர் அப்படி யோசிக்க மாட்டார். "உனக்கு கானா பிடிக்காதுன்னு தெரியும், ஆனா இந்த ஒண்ண மட்டும் கேளு" என்று சொல்ல அவரால் முடியும். பிடிக்காத பக்கம் கையைப் பிடித்து இழுத்துப் போகிற உரிமை நண்பருக்கு உண்டு.

வியூஸ் அதிகம் என்றால் நல்ல பாட்டா?

"100 மில்லியன் வியூஸ் மச்சி" என்பதுதான் இன்று பலருக்கும் ஒரு பாட்டை சிபாரிசு செய்யக் காரணம். இதைப் பற்றி ஒரு சுவாரசியமான ஆய்வு உண்டு. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் இணையத்தில் நடத்தி, 2006-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது.

அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்களுக்கு, இதுவரை எத்தனை பேர் அந்தப் பாட்டை டவுன்லோடு செய்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். இவர்களை எட்டுத் தனித்தனி குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் எண்ணிக்கை இன்னொரு குழுவுக்குத் தெரியாது.

பாட்டுகள் ஒன்றேதான். ஆனால் எட்டுக் குழுக்களிலும் எட்டு விதமான ஹிட் லிஸ்ட் வந்தது. எண்ணிக்கை தெரியாதவர்களின் கணக்கில் 26-வது இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஒரு குழுவில் முதலிடம் பிடித்தது. அதே பாட்டு இன்னொரு குழுவில் 40-வது இடத்தில் கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு பெரும்பாலும் படுதோல்வி அடையவில்லை, ரொம்ப மோசமான பாட்டு பெரும்பாலும் முதலிடத்துக்கு வரவில்லை. நடுவில் இருக்கும் எல்லாவற்றின் தலையெழுத்தையும் முதலில் வந்த சிலரின் கிளிக் தீர்மானித்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஹிட் ஆன பாட்டு எல்லாம் மோசம் என்பதல்ல. ஹிட் ஆகாத பாட்டுகளுக்கு நடுவே, ஹிட் ஆகியிருக்கக்கூடிய பல பாட்டுகள் இருக்கின்றன என்பதுதான். அவற்றைத் தோண்டி எடுக்க வியூஸ் கணக்கு உதவாது. கேட்டுப் பார்த்த ஒரு ஆள் சொன்னால்தான் உண்டு.

தமிழில் இது இன்னும் முக்கியம். சினிமா பாட்டுக்கு ஹீரோ, டீசர், ஆடியோ லாஞ்ச், டிவி என்று பின்னால் ஒரு பட்டாளமே இருக்கிறது. சுயாதீன இசைக்கு அது கிடையாது. 2006-ல் மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா கொண்டுவந்த 'வல்லவன்' ராப் ஆல்பத்தில் எந்த ஹீரோவும் இல்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் சேர்த்து சாதிக்கு எதிராகப் பாடியது. இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு ரசிகர்களின் வாய்வார்த்தையைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

பெயர் சொல்வது ஏன் முக்கியம்?

"இது விஜய் பாட்டு", "இது தனுஷ் பாட்டு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். தனுஷாவது பல பாட்டுகளை எழுதிப் பாடியிருக்கிறார். ஆனால் திரையில் வாயசைத்தவர் பெயரிலேயே பாட்டு வாழ்வது எம்ஜிஆர், சிவாஜி காலத்திலிருந்து வரும் பழக்கம். அன்று தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாடலாசிரியர் பெயராவது அச்சாகியிருக்கும். ரேடியோவில் அறிவிப்பாளர் வாயிலிருந்து இசையமைப்பாளர் பெயர் வரும். இன்று ஆப்பில் முதலில் கண்ணில் படுவது படத்தின் போஸ்டர். பாடலாசிரியரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு சமீபத்திய உதாரணம் 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகம் முழுக்கச் சுற்றிய பாட்டு. எழுதியவர் அறிவு. தீயும் அறிவும் சேர்ந்து பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ், இந்தப் பாட்டையும் 'நீயே ஒளி' பாட்டையும் முன்வைத்து ஒரு அட்டைப்படம் வெளியிட்டது. அதில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டுகளிலும் பங்கிருந்த அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் இதைப் பொதுவெளியில் கேட்டார். ரசிகர்களும் கேட்டார்கள். பிறகு அந்த இதழ் அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டைப்படம் வெளியிட்டது.

ரசிகர்களுக்கு எழுதியவர் பெயர் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்க முடிந்தது. பெயரே தெரியாத பாட்டுக்கு யார் கேட்பார்கள்?

பெயர் மரியாதை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, காசும் சம்பந்தப்பட்டது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு முக்கியத் திருத்தம் வந்தது. ஒரு சினிமா பாட்டு, தியேட்டரில் அந்தப் படத்தோடு ஓடுவது தவிர வேறு வழிகளில் பயன்படுத்தப்பட்டால், அதன் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதாகத் தயாரிப்பாளர் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் யார் எழுதியது என்ற விவரம் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் பணம் சரியான ஆளைத் தேடிப் போகும். ரசிகர்கள் பெயரைப் பேசப் பேச, தவறான விவரம் கண்ணில் படவும் திருத்தப்படவும் வாய்ப்பு கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெலிகிராமில் எம்பி3 ஃபைலாக அனுப்பினால் கலைஞருக்கு ஒரு பைசா போகாது. ஸ்ட்ரீமிங்கில் போவதும் சொற்பம்தான். ஸ்பாட்டிஃபையில் குறைந்தது 30 விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அங்கே ராயல்டியே கிடையாது. அனிருத் பாட்டுக்கு 1,000 என்பது கண் இமைக்கும் நேரம். மதுரையிலோ மட்டக்களப்பிலோ வீட்டு அறையில் பாட்டு செய்யும் ஒருவருக்கு அது மலை. அந்த மலையில் பத்துப் படி ஏற்றிவிட உங்கள் ஒரு மெசேஜால் முடியும்.

லிங்க் எப்போதும் இருக்குமா?

இருக்காது. ரெசோ ஆப் இந்தியாவில் 2024 ஜனவரியோடு மூடப்பட்டது. அதே ஆண்டில் ஏர்டெல் தனது விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது. அந்த ஆப்களின் லிங்குகளை யாராவது உங்களுக்கு அனுப்பியிருந்தால், இன்று தட்டிப் பார்த்தால் பாட்டு வராது. வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த பிளேலிஸ்டுகளுக்கும் அதே கதிதான்.

ஆப் இருந்தாலும் பிரச்சினை உண்டு. நீங்கள் ஸ்பாட்டிஃபை, உங்கள் நண்பர் ஜியோசாவன், அவருடைய அண்ணன் யூடியூப் மட்டும். ஒருவர் அனுப்பிய லிங்கை மற்றவர் திறந்தால் "ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று வந்து நிற்கும். அதோடு ஆர்வம் போய்விடும்.

"தேடிக்கலாமே" என்றால், தமிழ்ப் பாட்டைத் தேடுவது ஒரு தனி வித்தை. பெரும்பாலான ஆப்களில் பாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். 'ழ' ஓரிடத்தில் இசட்-எச், இன்னோரிடத்தில் எல். நெடிலுக்கு ஒருவர் இரண்டு ஏ போடுவார், இன்னொருவர் ஒன்றோடு நிறுத்துவார். ஒரே தொடக்க வரியில் மூன்று படங்களில் மூன்று பாட்டு இருக்கும். போதாததற்கு கவர் வெர்ஷன், லோஃபை, ரீமிக்ஸ். படத்தின் பெயரும் வருடமும் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். தெரியாவிட்டால் அரை மணி நேரம் தேடிவிட்டு விட்டுவிடுவோம்.

அப்போ எப்படி ஷேர் பண்ணலாம்?

ரொம்ப சிம்பிள். லிங்க் போடுங்கள், அதோடு மூன்று விஷயம் சேருங்கள்: பாட்டும் படமும் (அல்லது ஆல்பமும்) வருடத்தோடு, உருவாக்கியவர்களின் பெயர், ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. ஒரு உதாரணம்:

"'தி லைஃப் ஆஃப் ராம்', படம் 96, 2018. எழுதினது கார்த்திக் நேத்தா, பாடினது பிரதீப் குமார், மியூசிக் கோவிந்த் வசந்தா. நைட் பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா இதைப் போடு. எங்கயும் அவசரப்படாத பாட்டு."

தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. லிங்க் செத்தாலும் இந்த மெசேஜ் வாழும். எந்த ஆப்பில் இருப்பவரும் தேடிக் கண்டுபிடிக்கலாம். பெயர்கள் தெரியாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி கிரெடிட்ஸ் பகுதியைப் பாருங்கள். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் இருக்கும்.

கடைசி வரியை எழுத இசை ஞானம் தேவையில்லை. ராகம், தாளம் எல்லாம் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் பரவாயில்லை. "இரண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற புல்லாங்குழலைக் கவனி" என்று சொன்னாலே கேட்பவரின் காது அங்கே போய் நிற்கும். "அப்பா இறந்த வருஷம் இதைத்தான் கேட்டுட்டே இருந்தேன்" என்று ஒருவர் எழுதினால், அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாரால் சும்மா ஸ்கிப் பண்ண முடியும்?

ஒரே நேரத்தில் பத்துப் பாட்டு அனுப்பாதீர்கள். பத்து அனுப்பினால் ஒன்றைக்கூடக் கேட்க மாட்டார்கள். கேசட்டில் இடம் இல்லாததால் அன்று தேர்ந்தெடுத்தோம். இன்று நண்பருக்கு நேரம் இல்லை என்பதால் தேர்ந்தெடுக்கலாம்.

கேட்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது

ஷேர் பண்ணுவது குறைந்ததற்கு அனுப்புபவர் மட்டும் காரணமில்லை. "இதெல்லாம் ஒரு பாட்டா? ராஜா சார் அன்னைக்கே பண்ணிட்டார்" என்று ஒரு மாமா சொல்வார். "பூமர் பாட்டு" என்று ஒரு தம்பி சிரிப்பார். இளையராஜாவா ரஹ்மானா என்று ரசிகர்கள் சண்டை போட ஆரம்பித்து, ரோஜா வந்த 1992-லிருந்து கணக்குப் போட்டால் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்படி ஒரு தடவை கிண்டல் வாங்கியவர் அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டார். பிடித்த பாட்டைச் சொல்வது என்பது மனதில் இருப்பதைக் கொஞ்சம் வெளியே காட்டுவது. அதை உடனே அடித்துப் போட்டால் அந்த மனிதர் ஹெட்போனுக்குள் போய்விடுவார்.

பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னால் போதும். "பல்லவி ஒட்டல, ஆனா அந்த வயலின் செம" என்பது நேர்மையான பதில். ஹார்ட் எமோஜியைவிட அது ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் கேட்டவர்தான் அதை எழுத முடியும்.

"வேலைக்கு நடுவுல இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்பீர்கள். எல்லாப் பாட்டுக்கும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். ஜிம்முக்கு, கோடிங்குக்கு, தூக்கத்துக்கு ஆப் போடும் பாட்டே ஓடட்டும். ஆனால் ஒரு பாட்டு உங்களை நிஜமாகவே நிறுத்தினால், மெட்ரோவில் இறங்க வேண்டிய ஸ்டேஷனை மறக்கடித்தால், அதை ஒரு எமோஜியோடு கடந்துவிடாதீர்கள். யார் எழுதியது என்று பாருங்கள். இதைக் கேட்டால் யாருக்குப் பிடிக்கும் என்று யோசியுங்கள். குரூப்பில் போடாமல், அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். கூடவே 'ஏன்னா...' என்று ஆரம்பித்து ஒரு வரி.